ஏழாம் கட்டம், இடது மூலை

பெண்கள் சிறையின் கண்காணிப்பு அறையில் இருப்பது ஒரே ஒரு பெரிய திரை. அதைப் பதினாறு கட்டங்களாகப் பிரித்திருக்கிறார்கள்; கட்டத்துக்கு ஓர் அறை. அந்தத் திரைக்கு எதிரே, சக்கரம் ஒன்று கழன்றுபோன நாற்காலியில் ஒரு பக்கமாகச் சாய்ந்தபடி உட்காரப் பழகிவிட்ட காவலரைக் கைதிகள் எல்லோரும் டிவி அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அவளைவிட மூத்தவர்களும் அக்கா என்பார்கள். முதலில் அவளுக்குக் கோபம் வந்தது. பிறகு, கூட வேலை பார்க்கும் வாயாடி, "இதைவிட மோசமாவும் உனக்குப் பேரு வெச்சிருக்காங்க, சொல்லவா?" என்று கேட்டதும், இதுவே இருக்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

சும்மா உட்கார்ந்து பார்ப்பதெல்லாம் ஒரு வேலையா என்று கேட்பவர்கள் அரை நாள் அந்த நாற்காலியில் இருந்து பார்க்க வேண்டும். கண் விசித்திரமான உறுப்பு. அசையாத ஒன்றைக் கொஞ்ச நேரம் பார்த்தால் போதும், இதில் ஒன்றும் இல்லை என்று அதுவே முடிவுகட்டிவிடும், திறந்தபடியே தூங்கும். பதினாறு கட்டங்களும் சுவரில் அடித்த சுண்ணாம்பு போல ஆகிவிடும். அதனால் டிவி அக்கா ஆட்களைப் பார்ப்பதில்லை. போன முறை பார்த்ததற்கும் இந்த முறைக்கும் எது மாறியிருக்கிறது என்று மட்டும் தேடுவாள். மடித்து வைத்திருந்த துண்டு எங்கே போனது? செருப்பு ஏன் கவிழ்ந்து கிடக்கிறது? போர்வை மூச்சுக்குத் தகுந்தபடி ஏறி இறங்குகிறதா? இப்படித் தேடினால் கண் விழித்திருக்கும்.

அந்தக் கேமராக்கள் வந்ததற்கு ஒரு காரணம் இருந்தது. அதற்கு முன்பு, தாழ்வாரத்தில் நடந்து நடந்து ஒவ்வொரு கதவிலும் உள்ள சின்ன ஓட்டை வழியாக எட்டிப் பார்ப்பதுதான் முறை. நடை ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குப் போய்த் திரும்புவதற்குள் ஒரு கைதி, இன்னும் தீர்ப்புகூட ஆகாத பெண், தன் உயிரை முடித்துக்கொண்டாள். கதவைத் திறந்தவள் டிவி அக்காதான். அந்த உடம்பில் இன்னும் சூடு இருந்தது. கொஞ்சம் முன்னால் யாராவது பார்த்திருந்தால் என்று விசாரணையில் எல்லோரும் சொன்னார்கள். அவளும் அதைத்தான் சொன்னாள். பிறகு ஏணியோடு ஆட்கள் வந்து ஒவ்வொரு கதவுக்கு மேலும் அரைத் தேங்காய் அளவுக்குக் கறுப்புக் குமிழ்களைப் பொருத்தினார்கள். அப்போது சந்தோஷப்பட்டவர்களில் முதல் ஆள் அவள்.

ஒன்றைத்தான் யாரும் யோசிக்கவில்லை. ஒவ்வோர் அறையிலும் இடது மூலையில் கழிப்பிடம் உண்டு. அதை மறைக்க இடுப்புக்குக் கீழே நிற்கும் ஒரு குட்டைச் சுவர். அந்தச் சுவரைக் கட்டியவர் கதவுக்கு வெளியே நிற்கும் மனிதனின் கண்ணை மனதில் வைத்துக் கட்டினார். உட்கார்ந்தால் தலை மட்டும் தெரியும், மற்றது தெரியாது. கேமராவை வைத்தவரோ கதவுக்கு மேலே வைத்தார். மேலிருந்து பார்க்கிற கண்ணுக்குச் சுவர் இருந்தாலும் ஒன்று, இல்லாவிட்டாலும் ஒன்று. போதாததற்கு, அது அகலக் கண்ணாடி போட்ட கேமரா. அறையின் நாலு மூலையையும் ஒரே படத்தில் வளைத்துப் பிடித்துவிடும். கட்டியவரும் பொருத்தியவரும் ஒருவரையொருவர் பார்த்ததே இல்லை. அவ்வளவுதான் விஷயம்.

ஏழாம் கட்டத்தில் தையலம்மா இருந்தாள். அவள் நடத்திய தையல் கடை எரிந்துபோனது. தீயை வைத்ததே அவள்தான் என்பது வழக்கு. விசாரணை இன்னும் தொடங்கவில்லை. வந்த சில நாளிலேயே டிவி அக்காவின் கண் ஏழாம் கட்டத்தில் போய் நின்றது. மாறியதைத் தேடும் கண்ணுக்கு, மாறாத ஒன்று அங்கே உறுத்தியது. காலையில் தண்ணீர்க் குடத்தில் எவ்வளவு இருந்ததோ, சாயங்காலமும் அவ்வளவே இருந்தது.

அந்த வாரமே தையலம்மா காய்ச்சலில் விழுந்தாள். சிறை மருத்துவமனைக்குக் கூட்டிப்போக டிவி அக்கா துணைக்குப் போனாள்.

"சிறுநீரகத்துல கிருமி ஏறியிருக்கு. தண்ணி குடிக்காம இருந்தா இப்படித்தான்" என்றார் டாக்டர்.

"குடிச்சா போகணுமே டாக்டர்."

"போங்க. யாரு வேணாம்னா?"

தையலம்மா மேலே, கதவுக்கு மேலே, பார்த்தாள். அங்கே பல்லி இருக்கிறதா என்பது போல டாக்டரும் பார்த்தார். அவருக்குப் புரியவில்லை. டிவி அக்காவுக்குப் புரிந்தது.

திரும்பும்போது தாழ்வாரத்தில் தையலம்மாவே பேச்சை எடுத்தாள். "இருட்டினதும் போயிக்கலாம்னு இருந்தேன் டிவி அக்கா. அப்புறம் பக்கத்து ரூம்காரி சொல்றா, அதுக்கு இருட்டுலயும் கண்ணு தெரியுமாமே?"

"தெரியும்."

"பூனை ஜாதியா?"

டிவி அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு, கேமரா தானே ஒரு வெளிச்சத்தை வீசுகிறது, அது மனிதக் கண்ணுக்குத் தெரியாது, அந்த வெளிச்சத்தில் அதற்கு மட்டும் எல்லாம் வெள்ளையும் கறுப்புமாகத் தெரியும் என்று விளக்கினாள். தையலம்மா கவனமாகக் கேட்டாள். "நல்லாத்தான் யோசிச்சிருக்கான்" என்றாள். கொஞ்ச தூரம் நடந்த பிறகு, "நான் வாழ்நாள் பூரா பொம்பளைங்களுக்கு அளவெடுத்தவ. அளவெடுக்கும்போது டேப்பைத்தான் பாப்பேன், ஆளைப் பாக்க மாட்டேன். எதிர்ல நிக்கிறவளுக்குக் கூச்சமா இருக்கக் கூடாதில்ல? அது ஒரு மரியாதை" என்றாள்.

அன்று பணி தொடங்கியதும் டிவி அக்கா ஒரு பழைய செருப்புப் பெட்டியின் மூடியிலிருந்து கட்டைவிரல் அளவுக்கு ஒரு துண்டு வெட்டினாள். அதை ஏழாம் கட்டத்தின் இடது மூலையில், திரைமேல், பசை போட்டு ஒட்டினாள். தையலம்மா எழுந்து மூலைக்குப் போனால், அட்டைக்குப் பின்னால் போய் மறைந்து, வேலை முடிந்ததும் அந்தப் பக்கமாக வெளியே வருவாள். எவ்வளவு நேரம் அட்டைக்குப் பின்னால் இருக்கிறாள் என்று மட்டும் டிவி அக்கா மனதுக்குள் கணக்கு வைத்துக்கொள்வாள். வழக்கத்தைவிட நீண்டால் எழுந்து ஓட வேண்டும், அவ்வளவுதான். வீட்டில் யாராவது குளியலறையில் அதிக நேரம் இருந்தால் கதவைத் தட்டுவோமே, அந்த மாதிரி.

மறுநாள் வாயாடி வந்து பார்த்துவிட்டு, "என்னக்கா இது, டிவிக்குப் பிளாஸ்திரியா?" என்றாள். காரணத்தைக் கேட்டதும் கொஞ்ச நேரம் வாயை மூடிக்கொண்டிருந்தாள். அது அவள் வாழ்க்கையில் அபூர்வம். பிறகு அவளே மிச்ச அட்டையை எடுத்து மற்றப் பதினைந்து கட்டங்களுக்கும் வெட்டினாள். மூன்றாவது ஷிப்ட்காரியும் எதுவும் கேட்கவில்லை. பெண்கள் மூன்று பேரும் பேசி வைத்துக்கொள்ளாமலே அது அந்த அறையின் வழக்கமாகிவிட்டது.

டிவி அக்கா தையலம்மாவின் அறைக் கதவருகே போய், "தண்ணி குடிங்க. அந்த மூலையை நான் மறைச்சுட்டேன். யாரும் பாக்க மாட்டாங்க" என்று மெல்லச் சொன்னாள்.

தையலம்மா நம்பினாள். குடத்தில் தண்ணீர் இறங்கத் தொடங்கியது. முகத்தில் இருந்த வீக்கம் வடிந்தது.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கேமரா பார்ப்பது இரண்டு இடத்துக்குப் போகிறது. ஒன்று, திரைக்கு. மற்றொன்று, மேசைக்குக் கீழே சதா உறுமிக்கொண்டிருக்கும் ஓர் இரும்புப் பெட்டிக்கு. பெட்டி எல்லாவற்றையும் எழுதி வைக்கும். இடம் நிறைந்ததும், ஆகப் பழையதை அழித்து அதன்மேல் புதியதை எழுதும்; அதனால் எப்போதும் கடைசி ஒரு மாதம் அதன் வயிற்றில் இருக்கும். திரையில் ஒட்டிய அட்டை பெட்டிக்குத் தெரியாது. டிவி அக்காவுக்கு அது தெரியும். ஆனால் ஏதாவது அசம்பாவிதம் நடந்தால் ஒழிய அந்தப் பெட்டியை யாரும் திறப்பதில்லை. நடக்காத அசம்பாவிதத்துக்காக யார் வந்து திறக்கப்போகிறார்கள்? நோயாளிக்கு இதையெல்லாம் விளக்கினால் மறுபடியும் குடத்தை மூடிவிடுவாள். அதனால் சொல்லவில்லை. எதையும் விளக்காமல் விடாத டிவி அக்கா விளக்காமல் விட்டது அது ஒன்றைத்தான்.

தையலம்மா காய்ச்சலாகக் கிடந்தபோதே, இலவச சட்ட உதவிக்கு வரும் சின்ன வக்கீல் ஒரு மனு போட்டிருந்தாள். சிறைக் கதவுக்குள் போனதும் அரசியல் சாசனம் ஒருவரை விட்டுப் போய்விடுவதில்லை, கழிப்பிடத்தில் கேமரா பார்ப்பது மனித மாண்பைப் பறிப்பது, அந்த மூலையை மட்டும் கேமராவிலிருந்து மறைக்க வேண்டும் என்பது மனு. விசாரணைக்கு முன்பு பார்க்க வந்தவள், தையலம்மா தெளிவாக இருப்பதைக் கண்டு, "எப்படிம்மா உடம்பு தேறுச்சு?" என்று கேட்டாள்.

தையலம்மா பெருமையாகச் சொன்னாள். "ஒரு நல்ல மனசுக்காரி அதை மறைச்சு வெச்சிருக்கா. பேரைக் கேக்காதீங்க."

சின்ன வக்கீலுக்கு வேலை புதிது, ஆர்வம் அதிகம். அவள் கேட்கவில்லை. ஆனால் நீதிமன்றத்தில் போய், "பல வாரமா அந்த மூலை மறைச்சுதான் இருக்கு. காவலர்களே மறைச்சிருக்காங்க. பாதுகாப்புக்கு ஒரு கெடுதலும் வரல. அப்போ உத்தரவு போடறதுல என்ன தடை?" என்று வாதாடினாள். கேட்க நன்றாகத்தான் இருந்தது. நீதிபதி தலையை ஆட்டினார். அரசு வக்கீல் எழுந்து, இது பற்றித் தமக்கு எந்தத் தகவலும் இல்லை, விசாரித்துச் சொல்ல அவகாசம் வேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொண்டார்.

நீதிமன்றத்துக்குத் துணைக்குப் போயிருந்த வாயாடி வாசலில் நின்றே போன் செய்தாள். "அக்கா, அட்டை விஷயம் வெளிய வந்துருச்சு. மேடம் கிளம்பி வர்றாங்க. அப்புறம் உன் இஷ்டம்."

டிவி அக்கா திரையைப் பார்த்தாள். பதினாறு அட்டைகள். எழுந்து ஒவ்வொன்றாக உரித்தாள். பசை காய்ந்து கெட்டியாக இருந்தது. நகத்தால் சுரண்டினாள். எச்சில் தொட்டுத் துடைத்தாள். உரிக்கும்போது என்ன நினைத்தாள் என்று பின்னால் எத்தனையோ தடவை யோசித்துப் பார்த்தாள். பெரிதாக ஒன்றும் நினைக்கவில்லை. அடுப்பில் பால் பொங்கினால் ஓடிப்போய் அணைப்போமே, அது போலக் கை தானாகப் போனது.

சிறைக் கண்காணிப்பாளர் மேடம் வந்து திரைக்கு எதிரே நின்றார். "இங்க யாராவது எதையாவது மறைச்சு வெச்சீங்களா?"

"இல்ல மேடம்."

மேடம் திரையைச் சாய்வாகப் பார்த்தார். விளக்கு வெளிச்சத்தில் ஏழாம் கட்டத்தின் மூலையில் ஒரு மங்கல் தெரிந்தது. எதுவும் கேட்காமல் போய்விட்டார்.

அன்று வீட்டுக்குப் போனபோது மகள் வாசலிலேயே பிடித்துக்கொண்டாள். குளியலறைத் தாழ்ப்பாள் உடைந்து வெகு காலம் ஆகிறது. உள்ளே இருப்பவர் பாட்டுப் பாட வேண்டும் என்பது வீட்டுச் சட்டம். "அம்மா, அப்பாவை அதைச் சரி பண்ணச் சொல்லு. எனக்குத் தெரிஞ்ச பாட்டெல்லாம் தீர்ந்துபோச்சு!"

கணவன் லிஃப்ட் மெக்கானிக். பத்து மாடி லிஃப்டைத் தூக்கி நிறுத்துபவருக்குத் தாழ்ப்பாளைத் திருக நேரம் கிடைக்கவில்லை. "இந்த வீட்ல யாரு யாரைப் பாக்கப் போறாங்க? நம்ம ஆளுங்கதானே" என்றார்.

டிவி அக்கா செருப்பைக் கழற்றாமலே திரும்பிக் கடைத்தெருவுக்குப் போய் ஒரு தாழ்ப்பாள் வாங்கி வந்தாள். அவளே திருகினாள். கணவன் ஸ்க்ரூடிரைவரை வாங்கப் பார்த்தார், தரவில்லை. "யாரு மேல இவ்வளவு கோபம்?" என்று கேட்டார். சொன்னாள். கேட்டுவிட்டு, "நீ ஒட்டினதை நீயே எடுத்துட்ட. முடிஞ்சது, விடு" என்றார்.

"முடியலைங்க. அந்தம்மா பொய்க்காரியா ஆயிட்டாங்க."

"நீ உண்மையைச் சொன்னா?"

"நான் பாக்க வேண்டியதைப் பாக்காத காவலர் ஆயிடுவேன்."

அவர் லிஃப்ட்காரர். எந்தக் கயிற்றை அறுத்தால் எந்தப் பெட்டி விழும் என்று உடனே தெரிந்துவிடும். கீழே கிடந்த திருகாணி ஒன்றை எடுத்து அவளிடம் நீட்டினார்.

அடுத்த விசாரணைக்குத் துணை டிவி அக்காதான். அரசு வக்கீல் கனிவான மனிதர், குரலை உயர்த்தவில்லை. சிறையில் எதையும் யாரும் மறைக்கவில்லை, மனுதாரர் சொன்னது தவறு என்று நிர்வாகத்தின் சார்பில் சொன்னார். பிறகு, கேமராவில் தெரிவது ஒரு தூரத்து, வளைந்த உருவம்தான், அதில் மாண்பைக் கெடுக்கும் எதுவும் இல்லை, நீதிபதியே பார்த்துக்கொள்ளலாம் என்று ஒரு பதிவை நீட்டினார். பெட்டியின் வயிற்றிலிருந்து எடுத்தது.

சின்ன வக்கீல் எழுந்து ஆட்சேபித்தாள். "அதைப் பாக்கக் கூடாதுன்னுதானே மனுவே!"

"பார்க்காமல் அது பார்க்கத்தக்கதா இல்லையா என்று நான் எப்படிச் சொல்ல?" என்றார் நீதிபதி. அவரும் நல்லவர்தான். திறந்த நீதிமன்றத்தில் வேண்டாம், மனுதாரரின் கௌரவம் முக்கியம், என் அறையில் பார்க்கிறேன் என்றார்.

நீதிபதி, இரண்டு வக்கீல்கள், எழுத்தர், மடிக்கணினியை இயக்கச் சிறையிலிருந்து வந்த ஒரு டெக்னீஷியன். ஐந்து பேர் உள்ளே போனார்கள். கதவு சாத்தப்பட்டது. தையலம்மா பெஞ்சில் உட்கார்ந்து அந்தக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். மின்விசிறி ஒன்று கிறீச்சிட்டபடி சுற்றிக்கொண்டிருந்தது.

"டிவி அக்கா, அவங்க என்ன பாக்குறாங்க உள்ள?"

டிவி அக்கா மின்விசிறியை அண்ணாந்து பார்த்தாள்.

"ஒரு அட்டையைத்தானே பாப்பாங்க? இல்ல, கறுப்பாத் தெரியுமா? நீங்க எதை வெச்சு மறைச்சீங்க?"

கதவு திறந்தது. எழுத்தர் குனிந்தபடி வந்தார். டெக்னீஷியன் மடிக்கணினியைப் பையில் போடுவதிலேயே குறியாக இருந்தான். நீதிபதி இருக்கையில் வந்து அமர்ந்து கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அதற்குப் பிறகு பெஞ்சுப் பக்கம் பார்க்கவே இல்லை. கடைசியாக வந்த சின்ன வக்கீல் தையலம்மாவைப் பார்த்தாள். பார்த்த பார்வையிலேயே தையலம்மாவுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது.

உத்தரவை நீதிபதி அப்போதே சொன்னார். கைதியின் மாண்பு உரிமைதான், அதில் சந்தேகமில்லை. கைதியின் உயிரைக் காப்பது அரசின் கடமை, அதிலும் சந்தேகமில்லை. அதே சிறையில் முன்பு நடந்த மரணத்தை நீதிமன்றம் மறக்க முடியாது. யாரும் பார்க்காத ஒரு மூலையை உண்டாக்கினால், அடுத்தவள் தேடிப்போகும் இடம் அதுவாகத்தான் இருக்கும். ஆகவே கேமரா தொடரும். பெண் காவலர் மட்டுமே பார்க்க வேண்டும். வேறு வழி உண்டா என்று ஆராய ஒரு குழு போடப்படும். ஒவ்வொரு வாக்கியமும் சரியாக இருந்தது. டிவி அக்கா கேட்டபடியே நின்றாள். அந்த மரணத்தின் கதவைத் திறந்த கை அவளுடையது.

வேனில் எதிரெதிரே உட்கார்ந்தார்கள்.

"நீங்க மறைச்சது எதை டிவி அக்கா?"

"என் திரையை."

"அவங்க உள்ள பாத்த அந்தப் பதிவை?"

"அதை மறைக்க முடியாதும்மா."

"அதுல நான் இருக்கேன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

தையலம்மா வெகு நேரம் ஜன்னல் கம்பிக்கு வெளியே பார்த்தாள். பிறகு அளவு சொல்வது போல நிதானமாகச் சொன்னாள். "நீங்க சொல்லாம இருந்திருந்தா, நான் எனக்குத் தெரிஞ்ச மாதிரி குனிஞ்சு, போர்வையை இழுத்து விட்டு, ஏதோ பண்ணியிருப்பேன். யாரும் பாக்கலைன்னு நெனச்சு நிம்மதியா இருந்துட்டேன். அவங்க அஞ்சு பேரும் பாத்தது அந்த நிம்மதியை."

மறுநாள் டிவி அக்கா மேடத்தின் அறைக்குப் போய், "அட்டையை ஒட்டினது நான்தான் மேடம்" என்றாள்.

"தெரியும். கதவைச் சாத்து." மேடம் பேனாவை மூடி வைத்தார். "இப்போ நீ போய்ச் சொன்னா என்ன ஆகும்? அந்தம்மா பொய் சொல்லலைன்னு ஆகும். நல்லது. கூடவே, பல வாரமா பதினாறு ரூம்லயும் ஒரு மூலையை யாருமே பாக்கலைன்னு ஆகும். உடனே என்ன உத்தரவு வரும்? ரூமுக்கு ரெண்டு கேமரா. உனக்கு வேலை போகும், அவங்களுக்கு மிச்சமிருக்கிற மறைவும் போகும். சொல்லணுமா?"

டிவி அக்கா நின்றுகொண்டே இருந்தாள்.

"இப்படிப் பாக்க வைக்கணும்னு எனக்கு மட்டும் ஆசையா? அன்னிக்கு அந்தப் பொண்ணோட அம்மாகிட்ட உடம்பை ஒப்படைச்சது யாரு? நான்தானே. இன்னொரு தடவை என்னால முடியாது. போ, போய் வேலையைப் பாரு."

ஏழாம் கட்டத்தில் குடம் மறுபடியும் நிரம்பியபடியே இருந்தது.

டாக்டர் வந்தார், போனார். அறிக்கை எழுதினார்: தண்ணீர் அருந்த மறுக்கிறார், உயிருக்கு ஆபத்து. அறிக்கை நீதிமன்றத்துக்குப் போனது. அங்கிருந்து இயந்திரம் போல ஒழுங்காக அடுத்த உத்தரவு வந்தது. கைதியின் உயிரைக் காப்பது அரசின் கடமை. எனவே அவர் தண்ணீர் குடிக்கிறாரா என்று ஒரு பெண் காவலர் கேமரா மூலம் இடைவிடாமல் கவனிக்க வேண்டும். பார்க்கிறார்கள் என்பதால் குடிக்காதவளை, குடிக்கிறாளா என்று பார்க்கச் சொன்னார்கள். எங்கே தவறு நேர்ந்தது என்று தேடி டிவி அக்கா அந்த உத்தரவைத் திரும்பத் திரும்பப் படித்தாள். ஒவ்வொரு படியும் முந்தைய படியின்மேல் சரியாக உட்கார்ந்திருந்தது.

டெக்னீஷியன் வந்து இன்னொரு திரையை வைத்து ஏழாம் கட்டத்தை அதில் முழுதாகப் போட்டுக் கொடுத்தான். உள்ளங்கை அளவு இருந்தவரை தையலம்மா ஓர் உருவம். இப்போது கழுத்து மச்சம் தெரிந்தது, வெடித்த உதடு தெரிந்தது. பேசுவதற்கு ஒரு மைக்கும் வைத்திருந்தார்கள்.

"தையலம்மா, தண்ணி குடிங்க."

அறையின் குமிழிலிருந்து அந்தக் குரல் வந்தபோது தையலம்மாவின் தோள் ஒரு கணம் குலுங்கியது. மேலே பார்க்கவில்லை. அன்று முழுவதும் குடிக்கவும் இல்லை.

அடுத்த நாள் டாக்டர் உள்ளே போய் விளக்கினார். இப்படியே போனால் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், கட்டிலோடு கையைக் கட்டி, நரம்பில் மருந்து ஏற்றி, சிறுநீருக்குக் குழாய் வைத்து ஒரு பையில் பிடிப்பார்கள். மைக் இரண்டு பக்கமும் கேட்கும். டிவி அக்கா கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அந்தப் பை எங்க தொங்கும் டாக்டர்?"

"கட்டில் ஓரமா."

"போறவங்க வர்றவங்க பாப்பாங்களா?"

"அது வார்டும்மா. எல்லாரும்தான் பாப்பாங்க."

டாக்டர் போன பிறகு தையலம்மா டம்ளரை எடுத்துக் குடத்தில் முக்கினாள். குடித்தாள். இன்னொன்று குடித்தாள். குமிழைப் பார்த்துக் குடிக்கவில்லை, மறைத்தும் குடிக்கவில்லை.

சாயங்காலம் எழுந்து மூலைக்குப் போனாள். டிவி அக்காவின் கண் பழக்கத்தில் விலகப் பார்த்தது. இடைவிடாமல் என்று உத்தரவு. விலகவில்லை. தையலம்மா குனியவில்லை, போர்வையை இழுக்கவில்லை, முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பவும் இல்லை. பஸ்ஸுக்குக் காத்திருப்பவள் மாதிரி நேரே பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். முடிந்ததும் எழுந்து வந்து பாயில் உட்கார்ந்தாள்.

அன்றிலிருந்து எல்லாம் ஒழுங்காக நடந்தது. உடம்பு தேறியது. மேடம் எழுதிய அறிக்கையில் 'நன்கு ஒத்துழைக்கிறார்' என்று இருந்தது. நீதிபதி அதைத் திருப்தியோடு பதிவு செய்துகொண்டு மனுவை முடித்துவைத்தார். மேல்முறையீடு செய்யலாம் என்று சின்ன வக்கீல் கையெழுத்து வாங்க வந்தாள். தையலம்மா பேனாவைத் தொடவில்லை. "எதுக்கும்மா? எத்தனை பேரு பாத்தாலும் இனிமே ஒண்ணுதான்" என்றாளாம். அந்தப் பெண் வாசலில் நின்று மூக்கைச் சிந்திக்கொண்டிருந்ததை வாயாடிதான் வந்து சொன்னாள்.

"என்னக்கா, உன் ஆளு சமத்தாயிட்டாங்க போல?" என்றாள், பேச்சை மாற்றுவதற்காக. டிவி அக்காவின் முகத்தைப் பார்த்ததும், "சரி சரி, டீ வாங்கிட்டு வரேன்" என்று போய்விட்டாள்.

கைதிகள் அதிகமானதால் அந்த அறையிலேயே இன்னொருத்தியையும் போட்டார்கள். வந்தவள் கையில் சுருட்டிய படுக்கையோடு நடுவில் நின்று நாலு புறமும் பார்த்தாள். மூலையைப் பார்த்தாள். குமிழைப் பார்த்தாள். மறுபடியும் மூலையைப் பார்த்தாள். அவள் மனக்கணக்கு போடுவது திரையில் அப்படியே தெரிந்தது. மூலையைக் காட்டித் தையலம்மாவிடம் ஏதோ தயங்கிக் கேட்டாள். தையலம்மா சட்டைக் கிழிசலைத் தைத்துக்கொண்டிருந்தாள். ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல், அங்கேதான் என்று தாடையால் காட்டிவிட்டு, நூலைப் பல்லால் கடித்தாள்.